வித்வத் சபையின் காலைப் பொழுது: சென்னை மியூசிக் அகாடமி எதற்காகப் பிறந்தது, எப்படி இயங்குகிறது

சென்னை டி.டி.கே. சாலையும் கதீட்ரல் சாலையும் சந்திக்கும் முனையில் இருப்பதை எல்லோரும் மியூசிக் அகாடமி என்றே சொல்கிறோம். அதற்கு இன்னொரு பெயரும் உண்டு: சங்கீத வித்வத் சபை. வித்வான்கள் கூடிப் பேசும் சபை என்று பொருள். இந்தப் பெயரை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் அகாடமியின் பல நடைமுறைகள் விளங்கும். டிசம்பரில் நடப்பதை அவர்கள் ஏன் 'ஆண்டு மாநாடு' என்கிறார்கள்? அகாடமி ஆண்டுதோறும் வழங்கும் சங்கீத கலாநிதி என்ற பட்டத்தைப் பெறப்போகிறவர் அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகாமல், இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் காலையில் வந்து ஏன் தலைமை நாற்காலியில் உட்கார வேண்டும்? கச்சேரி நடத்தும் ஓர் அமைப்பு 1930 முதல் ஏன் ஆராய்ச்சி இதழ் வெளியிட வேண்டும்? மூன்றுக்கும் விடை ஒன்றுதான். அகாடமியில் முதலில் வந்தது மாநாடு. கச்சேரி அதோடு சேர்ந்து வந்தது. இன்று கூட்டமும் புகழும் மாலைக் கச்சேரிக்குப் போய்விட்டாலும், அமைப்பின் எலும்புக்கூடு இன்னும் காலை அமர்வில்தான் இருக்கிறது.

1927க்கு முன்னும் பின்னும்

இசைக்கு மாநாடு கூட்டுவது 1927இல் திடீரென்று முளைத்த யோசனை அல்ல. 1912 முதல் தஞ்சாவூரில் ஆபிரகாம் பண்டிதர் தம் சொந்தச் செலவில், சங்கீத வித்யா மகாஜன சங்கத்தின் பெயரால் மாநாடுகள் நடத்தினார். ஸ முதல் மேல் ஸ வரையுள்ள ஒரு ஸ்தாயியில் நுண்ணிய ஒலிப்படிகளான சுருதிகள் 22ஆ, 24ஆ என்பது அங்கே பெரிய வழக்கு. 24 என்ற தம் கட்சியை நிறுவ அவர் 1917இல் வெளியிட்டதுதான் 'கருணாமிர்த சாகரம்'. இடையில் 1916இல் ஹிந்துஸ்தானி இசை அறிஞர் பாத்கண்டேயின் முயற்சியால் பரோடாவில் முதல் அகில இந்திய இசை மாநாடு கூடியது. பண்டிதர் அங்கும் போய்த் தம் வாதத்தை வைத்தார். ஆக, இசையைப் பற்றிப் பொதுவில் வாதாடி, தீர்மானம் போட்டு, அச்சில் ஏற்றும் பழக்கம் அகாடமிக்கு முன்பே தமிழ்நாட்டில் வேர்பிடித்துவிட்டது.

1927 டிசம்பரில் காங்கிரஸ் மகாசபை டாக்டர் அன்சாரி தலைமையில் சென்னையில் கூடியது. அதையொட்டி ஓர் அகில இந்திய இசை மாநாடும் நடந்தது. கர்நாடக இசைக்குத் தரம் வகுக்கவும், ஆராயவும், கற்பிக்கவும் ஒரு நிலையான அமைப்பு வேண்டும் என்று அதில் முடிவாயிற்று. 1928 ஆகஸ்ட் 18 அன்று எஸ்பிளனேடில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. அரங்கில் சர் சி.பி. ராமஸ்வாமி ஐயர் அகாடமியைத் தொடங்கிவைத்தார். முதல் தலைவர் டாக்டர் யு. ராமராவ். 1929 முதல் ஆண்டு மாநாடும் கச்சேரிகளும் தொடர்ந்தன. அகாடமி தன் மாநாடுகளை 1927இலிருந்தே எண்ணுகிறது. 2024 டிசம்பரில் நடந்தது 98ஆவது மாநாடு என்று அறிவித்த கணக்கு அப்படித்தான் சரியாக வருகிறது.

தொடங்கியவர்களின் தொழிலைக் கவனித்தால் ஒன்று தெரியும். தலைவர் மருத்துவர், தொடங்கிவைத்தவர் வழக்கறிஞர், செயலாளர்களில் முக்கியமானவரான ஈ. கிருஷ்ணய்யரும் வழக்கறிஞர். நிகழ்ச்சிக் குறிப்பு எழுதுவது, குழு அமைப்பது, தீர்மானத்தைச் சொல் பிசகாமல் வரைவது எல்லாம் இவர்களுக்குக் கைவந்த வேலை. குருகுலத்தில் வாய்மொழியாக ஓடிவந்த ஒரு கலைக்கு இந்தக் காகிதப் பழக்கம் பெரிய லாபம். ஆனால் அதற்கு ஒரு விலையும் இருந்தது. நாகஸ்வரத்தையும் சதிர் நடனத்தையும் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த இசை வேளாளர்களுக்கு மேடையில் இடம் இருந்தது; முடிவெடுக்கும் மேசையில் அந்த அளவுக்கு இடம் இருக்கவில்லை. அகாடமியின் வரலாற்றை எழுதும்போது இதை விட்டுவிட்டால் பாதிதான் எழுதியதாகும்.

நடன விஷயத்தில் இந்த இரண்டு பக்கமும் சேர்ந்தே தெரிகிறது. 1931 மார்ச் 15 அன்று அகாடமி, தஞ்சாவூர் கல்யாணியின் மகள்கள் இருவரின் ஆட்டத்துக்கு மேடை தந்தது. தேவதாசி முறை ஒழிப்பு இயக்கம் வலுத்திருந்த காலம் அது. 1932 இறுதியில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டிக்கும் ஈ. கிருஷ்ணய்யருக்கும் பத்திரிகைகளில் காரசாரமான வாதம் நடந்தது. ஆடுவதையே நிறுத்த வேண்டும் என்றது ஒரு பக்கம். கலையையாவது காப்பாற்ற வேண்டும் என்றது மறு பக்கம். 'சதிர்' என்ற பெயர் பின்வாங்கி 'பரதநாட்டியம்' என்ற பெயர் பரவியதில் இந்த ஆண்டுகளின் அகாடமி மேடைக்குப் பெரிய பங்கு உண்டு. கலை பிழைத்தது. அதைக் கொண்டுவந்து சேர்த்த குடும்பங்களில் பல அதே வேகத்தில் மேடையை விட்டு மறைந்தன. டி. பாலசரஸ்வதிக்கு 1973இல் சங்கீத கலாநிதி கிடைத்தது. நடனக் கலைஞர் ஒருவருக்கு அந்தப் பட்டம் கிடைத்தது அந்த ஒரு முறைதான்.

மொழிப் பிரச்சினையிலும் அகாடமி விமர்சனத்தைச் சம்பாதித்தது. 1941இல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் தமிழிசை மாநாடு கூட்டி, கச்சேரிகளில் தமிழ்ப் பாட்டுக்கு முதலிடம் வேண்டும் என்றார். அதே ஆண்டு அகாடமி, சங்கீதத்தின் தரம்தான் முக்கியம், மொழி என்ற காரணத்தால் அது குறையக்கூடாது என்ற பொருளில் தீர்மானம் போட்டது. தமிழில் பாடினால் தரம் குறையும் என்று அந்தத் தீர்மானம் நேரடியாகச் சொல்லவில்லை என்று வாதாடலாம். படித்தவர்கள் அப்படித்தான் புரிந்துகொண்டார்கள், அதில் நியாயமும் இருந்தது. 1943இல் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது. 1949இலிருந்து அங்கே பண் (பழந்தமிழ் இசையின் ராகம்) ஆராய்ச்சிக் கூட்டங்கள் நடக்கின்றன. பண்களைப் பற்றிய நுட்பமான ஆய்வு வேண்டுமென்றால் இன்றும் அங்கேதான் தேட வேண்டியிருக்கிறது. ஒரு வித்வத் சபை தன் பக்கத்திலேயே இருந்த ஒரு பெரிய பாடத்தை வெகுகாலம் இன்னொரு சபைக்கு விட்டுக்கொடுத்தது வருத்தம் தருவதுதான்.

சங்கீத கலாநிதி: பதவியிலிருந்து வந்த பட்டம்

1929 முதல் ஒவ்வொரு மாநாட்டுக்கும் மூத்த வித்வான் ஒருவரைத் தலைவராக அழைப்பது வழக்கம். அது ஒரு வேலை. தினமும் காலையில் அமர்வுக்குத் தலைமை தாங்க வேண்டும். வாதம் முற்றினால் சமாதானம் சொல்ல வேண்டும். முடிவில் தம் கருத்தையும் வைக்க வேண்டும். சங்கீத கலாநிதி என்ற பட்டம் 1942 மாநாட்டை ஒட்டித்தான் உருவானது. அதற்கு முன் தலைமை வகித்தவர்களுக்கும் அப்போது சேர்த்து வழங்கினார்கள். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் 1938இல் தலைமை வகித்தார். பட்டம் வந்தது பிறகு. பழைய பட்டியல்களில் 1942க்கு முந்தைய ஆண்டுகளுக்கு நேராகப் பட்டம் போட்டிருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

பட்டம் பதவியிலிருந்து வந்ததால், யாருக்குக் கிடைக்கும் என்பதையும் பதவியே வெகுகாலம் தீர்மானித்தது. சபையில் வித்வான்களுக்கு நடுவில் உட்கார்ந்து சாஸ்திர விவாதம் நடத்துவது ஆண் வாய்ப்பாட்டு வித்வானின் வேலை என்ற எண்ணம் அப்போது இருந்தது. மிருதங்க வித்வான் ஒருவர் அந்த நாற்காலியில் அமர 1966 வரை, பாலக்காடு மணி ஐயர் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. முதல் பெண் எம்.எஸ். சுப்புலட்சுமி, ஆண்டு 1968. அடுத்த பத்தாண்டுகளுக்குள் டி.கே. பட்டம்மாள், பாலசரஸ்வதி, டி. பிருந்தா, எம்.எல். வசந்தகுமாரி ஆகியோர் வரிசையாக வந்ததைப் பார்த்தால், அடைபட்டிருந்தது தகுதியால் அல்ல, கதவால் என்பது தெரியும்.

நடைமுறை இப்படி: பெயரை டிசம்பர் இசை சீசனுக்குப் பல மாதங்கள் முன்பே அறிவிப்பார்கள். டிசம்பர் 15 அன்று தொடக்க விழா. மறுநாள் முதல் காலை அமர்வுகள். ஜனவரி 1 அன்று நடக்கும் 'சதஸ்' என்ற நிறைவு விழாவில்தான் பட்டம் கையில் வரும். அறிவிப்புக்கும் சதஸுக்கும் நடுவில் இருப்பவரைப் பட்டம் பெறவிருப்பவர் என்றுதான் எழுத வேண்டும். பத்திரிகைகள் அவசரத்தில் இதைத் தவறவிடுகின்றன. அதே சதஸில் கற்பித்தலில் காலம் செலவிட்ட மூத்தவர்களுக்கு 1993இலிருந்து வழங்கும் சங்கீத கலா ஆசார்யா, டி.டி.கே. விருது, இசை ஆய்வாளர் விருது ஆகியவையும் உண்டு. நடனத்துக்கான நிருத்ய கலாநிதி ஜனவரி முதல் வாரத்தில், நடன விழாவின்போது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கே தீர்த்துவிடலாம். சங்கீத கலாநிதி அகாடமியின் பட்டம். 'தி இந்து' நாளிதழ் குழுமம் 2005இல் எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரில் நிறுவிய ரொக்க விருது வேறு. அது கலாநிதி பெறுபவருக்குச் சேர்த்து வழங்கப்படுவது. 2024இல் கலாநிதி பட்டத்துக்குப் பாடகர் டி.எம். கிருஷ்ணாவின் பெயர் அறிவிக்கப்பட்டபோது சில கலைஞர்கள் அந்த ஆண்டு மாநாட்டிலிருந்து விலகினார்கள்; விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. நீதிமன்றங்களில் வழக்காடியது எம்.எஸ். பெயரிலான விருதைப் பற்றி, கலாநிதி பட்டத்தைப் பற்றி அல்ல. இரண்டையும் ஒன்றாக்கி எழுதிய செய்திகள் ஏராளம்.

காலை எட்டு மணிக்கு என்ன நடக்கிறது

அகாடமி வளாகத்தில் பெரிய அரங்கத்தைத் தவிர கஸ்தூரி ஸ்ரீனிவாசன் பெயரில் ஒரு சிறிய அரங்கம் இருக்கிறது. சீசன் நாட்களில் காலை எட்டு மணியை ஒட்டி அங்கே செயல்முறை விளக்க உரைகள் தொடங்கும். லெக்-டெம் என்று சொன்னால்தான் பலருக்குப் புரியும். பொதுவாக ஒரு காலைக்கு இரண்டு. ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்குள். கட்டணம் கிடையாது. உரை முடிந்ததும் நிபுணர் குழுவினரும் அவையில் இருப்பவர்களும் கேள்வி கேட்பார்கள். கடைசியில் அந்த ஆண்டின் தலைவர் தம் கருத்தைச் சொல்லி முடிப்பார். அந்தக் கடைசி ஐந்து நிமிடத்துக்காகவே போகலாம். ஐம்பது ஆண்டு மேடை அனுபவம் உள்ள ஒருவர் ஒரே ஒரு பிரயோகத்தை (ராகத்துக்கே உரிய ஸ்வரச் சேர்க்கையை) பாடிக் காட்டி, அரை மணி நேர வாதத்தைத் தீர்த்துவிடும் இடம் அது.

ஆரம்பப் பத்தாண்டுகளில் இந்தக் காலைகளின் மையப் பொருள் ராக லக்ஷணம், அதாவது ராகத்தின் இலக்கணம். ஒரு ராகத்தை எடுத்து, அதன் மேளம் (தாய் ராகம்), ஆரோகண அவரோகணம் (ஏறுவரிசை, இறங்குவரிசை), ஜீவ ஸ்வரம் (ராகத்துக்கு உயிரூட்டும் ஸ்வரம்), நியாச ஸ்வரம் (நின்று முடிக்கும் ஸ்வரம்), கமகம் (ஸ்வர அசைவு), தவிர்க்கக் கூடாத பிரயோகங்கள், ஆதாரமாக நிற்கும் உருப்படிகள் என்று ஒவ்வொன்றாகப் பேசி, ஒத்துக்கொண்டதை நிபுணர் குழுவின் முடிவாக இதழில் பதிந்தார்கள். கேட்க எளிதாகத் தோன்றும். நடைமுறையில் இடறும் இடங்கள் திரும்பத் திரும்ப ஒன்றேதான்.

முதல் சிக்கல், ஆரோகண அவரோகணம் ராகத்தைச் சொல்லிவிடாது. ஆரபியையும் தேவகாந்தாரியையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் ஏறும்போது ஸ ரி ம ப த ஸ. இறங்கும்போது ஸ நி த ப ம க ரி ஸ. எழுதிப் பார்த்தால் ஒரே ராகம். பாடினால் யாரும் ஏமாறமாட்டார்கள். ஆரபியில் காந்தாரமும் நிஷாதமும் நிற்காமல், மத்யமத்தையும் ஷட்ஜத்தையும் உரசிக்கொண்டு ஓடும். நடை மத்யம காலம் (நடுத்தர வேகம்). தேவகாந்தாரி சௌக்கமாக, அசைந்து அசைந்து வரும். அவசரப்படுத்தினால் ஆரபியில் விழும். ஆகவே ஸ்வரப் பட்டியலை மட்டும் வைத்துத் தீர்மானம் போட்டால் அது பயன்படாது. பிடிகளை, அதாவது பிரயோகங்களை, எழுத வேண்டும், எந்த வேகத்தில் என்றும் சொல்ல வேண்டும்.

இரண்டாவது சிக்கல் பாடாந்தரம். ஒரே கிருதி ஒரு சிஷ்ய பரம்பரையில் ஒரு ஸ்வரத்தோடும் இன்னொன்றில் வேறு ஸ்வரத்தோடும் வழங்கும். இரண்டு தரப்பும் 'எங்கள் குரு இப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்' என்று நிற்கும்போது குழு என்ன செய்ய முடியும்? வாக்கெடுத்து ராகத்தைத் தீர்மானிக்க முடியாது. நல்ல முடிவுகளில் பெரும்பான்மை வழக்கு இது, இன்ன பாடாந்தரத்தில் இன்ன விலகல் உண்டு என்று இரண்டையும் எழுதிவைத்திருக்கிறார்கள். ஒன்றைச் சரி, மற்றதைத் தவறு என்று அறுத்துச் சொன்ன முடிவுகளை மேடை பொருட்படுத்தவில்லை. பாடகர்கள் தம் வழியிலேயே பாடிக்கொண்டு போனார்கள்.

மூன்றாவது, நூலுக்கும் வழக்குக்கும் உள்ள இடைவெளி. ராகங்கள் நகர்கின்றன. நூறாண்டு முந்தைய நூல் சொல்லும் உருவத்தை இன்று யாரும் பாடாமல் இருக்கலாம். தேவகாந்தாரியே அதற்கு உதாரணம்: தீட்சிதர் மரபில் அந்தப் பெயருக்குள்ள உருவம் இன்று மேடையில் கேட்பதிலிருந்து வேறு. லக்ஷணம் லக்ஷியத்தை (வழக்கில் பாடப்படுவதை) தொடர வேண்டும் என்பது பழைய வாக்கு. ஆனால் எந்த ஆண்டின் லக்ஷியத்தை என்று கேட்டால் அவை இரண்டாகும்.

இன்றைய லெக்-டெம்கள் ராக லக்ஷணத்தைத் தாண்டி வந்துவிட்டன. ஒரு வாக்கேயக்காரரின் (பாட்டும் மெட்டும் இயற்றியவரின்) பல்லவிச் சொற்கட்டு, ஒரு வாத்தியத்தின் அமைப்பு, கதகளிப் பதம், பழைய ஒலிப்பதிவுகள் என்று எதுவும் பொருளாகலாம். சரியாக அமையாதவை பெரும்பாலும் ஒரே காரணத்தால் கெடுகின்றன: ஐம்பது நிமிடத்துக்குள் இருபது உதாரணம். வாயால் பாடிக் காட்டி, கேட்பவர் காதில் நின்று, அடுத்ததோடு ஒப்பிட வேண்டுமானால் ஓர் உதாரணத்துக்கு ஐந்து, ஆறு நிமிடம் ஆகும். பேச்சுக்கு இருபது நிமிடம் போனால் நான்கைந்து உதாரணம்தான் தாங்கும். பழைய பதிவுகளை ஒப்பிடுபவர்கள் செய்யும் இன்னொரு பிழை, சுருதியை ஒன்றாக்காமல் அடுத்தடுத்து ஒலிக்கவிடுவது. ஒன்று நான்கரைக் கட்டை, மற்றொன்று ஒன்றரைக் கட்டை என்றால் அவையின் காது சுருதி வேறுபாட்டிலேயே சிக்கிக்கொள்ளும். கமக வேறுபாடு கேட்காது. முன்னதாகவே இரண்டையும் ஒரே ஆதார ஷட்ஜத்துக்குக் கொண்டுவந்து, அதே சுருதியில் தம்பூராவை வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

அச்சில் ஏறியவை

அகாடமியின் சாதனைகளில் எதை முதலில் வைப்பது என்று கேட்டால், தயக்கமின்றி அதன் பதிப்புகளை வைக்கலாம். 1930இல் தொடங்கிய இதழில் மாநாட்டு நடவடிக்கைகள், ஆய்வுக் கட்டுரைகள், அதுவரை அச்சேறாத உருப்படிகளின் ஸ்வர தாளக் குறிப்பு எல்லாம் வந்தன. வெகுகாலம் அதன் முதுகெலும்பாக இருந்தவர் சமஸ்கிருத அறிஞர் வே. ராகவன். 1944 முதல் 1979இல் மறையும் வரை அவர் அகாடமியின் செயலாளர். ஓலைச்சுவடிகளிலும் கையெழுத்துப் பிரதிகளிலும் புழங்கிய கண், நடவடிக்கைக் குறிப்புகளின் ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது.

வேங்கடமகியின் 'சதுர்தண்டி பிரகாசிகை'யை 1934இல் அகாடமி அச்சிட்டது. 72 மேளகர்த்தா (தாய் ராகங்கள்) என்று இன்று சிறு பிள்ளைகளும் சொல்கிறார்களே, அந்தக் கணக்கின் மூலம் 17ஆம் நூற்றாண்டின் இந்த நூல்தான். அச்சுப் பதிப்பு கைக்கு வந்த பிறகே, நூலில் வேங்கடமகி சொன்னது எது, பின்னால் அவர் பெயரில் சேர்ந்த ராகப் பட்டியல்கள் எவை என்று பிரித்துப் பேச எல்லோருக்கும் வழி பிறந்தது. ஹிந்துஸ்தானி, கர்நாடக ராகங்களை ஒப்பிடும் பி. சுப்பா ராவின் 'ராகநிதி' நான்கு தொகுதிகள், டி. பிருந்தாவின் பாடாந்தரத்தில் ஜாவளி (காதல் சார்ந்த சிறு உருப்படி) தொகுப்பு ஒன்றும் வந்தது.

எல்லாவற்றிலும் பெரிய காரியம் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யின் தமிழ்ப் பதிப்பு. முத்துசாமி தீட்சிதர் குடும்பத்தின் வாரிசான சுப்பராம தீட்சிதர் 1904இல் எட்டயபுரத்தில் வெளியிட்ட மாபெரும் நூல் அது, எழுத்து தெலுங்கு. நம் ஸ்வரக் குறிப்பு முறையின் பலவீனம் எல்லோருக்கும் தெரியும்: 'க' என்று எழுதினால் காந்தாரம் என்று தெரியும்; அதை அசைப்பதா, மத்யமத்திலிருந்து வழுக்கி இறங்குவதா, அழுத்தி நிறுத்துவதா என்று தெரியாது. கர்நாடக இசையில் அந்த அசைவில்தான் ராகமே இருக்கிறது. சுப்பராம தீட்சிதர் கம்பிதம், ஜாரு, நொக்கு, ஸ்புரிதம் முதலிய கமகங்களுக்குத் தனித்தனி அடையாளங்கள் வகுத்து ஸ்வரங்களின் மேல் இட்டார். அந்தக் காலத்து அச்சுக்கூடத்தில் அது எவ்வளவு பெரிய உழைப்பு என்பதை எண்ணிப் பாருங்கள். அதை அடையாளங்களோடு தமிழ் எழுத்துக்குக் கொண்டுவர பி. ராஜம் ஐயரும் எஸ். ராமநாதனும் பாடுபட்டார்கள். 1961இல் தொடங்கி 1983 வரை ஐந்து பகுதிகளாக அது முடிந்தது. இருபது ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது. அவசரப்பட்டிருந்தால் அடையாளங்கள் ஒரு ஸ்வரம் தள்ளி விழுந்திருக்கும். ஒரு ஸ்வரம் தள்ளினால் ராகம் மாறிவிடும்.

கச்சேரிகளின் ஏணி

சீசன் கச்சேரிகளின் நேர ஒதுக்கீடு ஒரு பதவி ஏணி. நண்பகல் 12 மணிக் கச்சேரி இளையவர்களுக்கு. சுமார் ஒன்றரை மணி நேரம். அடுத்தது பிற்பகல், இரண்டு மணி நேரத்தை ஒட்டி. மாலை 4 மணியும், 7 மணியை ஒட்டிய இரவுக் கச்சேரியும் மூத்தவர்களுக்கு, இரண்டரை மணி நேரம். ஒரு படி ஏறப் பல ஆண்டுகள் ஆகும். பாடுபவருக்கு மட்டுமல்ல, பக்கவாத்தியக்காரருக்கும் இதே ஏணிதான். நான்கு மணிக்கு வாசித்தவரை மறு ஆண்டு ஏழு மணிக்கு அழைத்தால் அது செய்தி. முற்பகல் கச்சேரிகள் தனி ருசி உள்ளவை. காலை ராகங்களைக் காலையில் கேட்கும் வாய்ப்பு வேறு எங்கே அவ்வளவாகக் கிடைக்கிறது?

இரண்டரை மணி என்பது 150 நிமிடம். அரியக்குடி வகுத்த கச்சேரிப் பத்ததியில் (வரிசை முறையில்) இதை நிரப்பிப் பாருங்கள். வர்ணம் 6 நிமிடம். நடுத்தரக் கிருதிகள் இரண்டு, தலா 8. ஆலாபனையோடு ஒரு துணைப் பிரதான உருப்படி 25. விறுவிறுப்பாக ஒன்று 5. பிரதானக் கிருதி ஆலாபனை, நிரவல், ஸ்வரத்தோடு 35. தனி ஆவர்த்தனம் (தாள வாத்தியக்காரர் தனியே வாசிப்பது) 12 முதல் 15. ராகம் தானம் பல்லவி 35. கூட்டினால் 140ஐ நெருங்குகிறது. சிறு உருப்படிகளான துக்கடாவுக்கும் மங்களத்துக்கும் பத்து நிமிடம். ஆகவே முதல் பாதியில் ஓர் ஆலாபனை ஐந்து நிமிடம் நீண்டாலும் பின்னால் எங்கோ வெட்டு விழும். பெரும்பாலும் வெட்டு விழும் இடங்கள் மூன்று: வயலின்காரரின் பதில் ஆலாபனை, தானம், தனி. மூன்றும் பாடகருடைய தவறுக்குப் பிறர் கட்டும் அபராதம். அடுத்த கச்சேரிக்கு மேடை மாற்றி மைக் சரிபார்க்க நடுவில் இருப்பது கால் மணி நேரம்தான் என்பதால் அகாடமி நேர விஷயத்தில் கறாராகவே இருக்கிறது, இருக்கத்தான் வேண்டும்.

பெரிய அரங்கத்தைப் பற்றி இரண்டு தேதிகள் போதும். 1955 அக்டோபர் 5 அன்று பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1962 டிசம்பர் 20 அன்று, தாமே கிருதிகள் இயற்றிய மைசூர் மகாராஜா ஜயசாமராஜ உடையார் திறந்துவைத்தார். சுமார் 1,600 இருக்கைகள். டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் பெயர் தாங்கியிருக்கிறது.

கற்பித்தல்

கற்பிப்பவரை உருவாக்க வேண்டும் என்பது ஆரம்பத்திலேயே இருந்த திட்டம். 1931இலேயே அகாடமி இசை ஆசிரியர் கல்லூரியைத் தொடங்கியது. அப்போது பள்ளிகளில் சங்கீதம் பாடமாக நுழைந்துகொண்டிருந்தது. நாற்பது பிள்ளைகளை ஒரே வகுப்பில் வைத்து ஒரே சுருதியில் பாடவைப்பது குருகுலத்தில் ஒருவரை எதிரில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பதைப் போன்றதல்ல. பாடத்திட்டம், மதிப்பீடு, ஸ்வரக் குறிப்பு எழுதும் பழக்கம் எல்லாம் ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பல்லவியில் புலியாக இருந்த முடிகொண்டான் வெங்கடராம ஐயர் இந்தக் கல்லூரியின் முதல்வர்களில் ஒருவர் என்பதிலிருந்து அதற்கு அகாடமி கொடுத்த கனம் தெரியும்.

2010இல் தொடங்கிய உயர்நிலைக் கர்நாடக இசைப் பள்ளி வேறு தேவைக்கானது. ஏற்கெனவே கச்சேரி செய்யும் நிலைக்கு வந்துவிட்ட இளைஞர்கள் அங்கே மூன்று ஆண்டுகள் படிக்கிறார்கள். முடித்தால் 'சங்கீத வித்வத் பூஷண' என்ற பட்டயம். ஒரே குருவிடம் மட்டும் கற்பதில் ஒரு நிறைவும் ஒரு குறையும் உண்டு: பாணி ஆழமாக ஏறும், ஆனால் அந்த வீட்டில் வழங்காத பதங்களும் தீட்சிதர் கிருதிகளும் வராமலே போகும். பல மூத்தவர்கள் தங்கள் கையிருப்பைக் கொண்டுவந்து இறக்கும் பள்ளி அந்தக் குறையை நிரப்பலாம். ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. மூன்று குருக்களிடம் மூன்று விதமான தோடி கேட்ட மாணவர் மூன்றையும் கலந்து நாலாவதாக ஒன்றைப் பாடினால், அதற்கு முகமே இராது. எந்தப் பிரயோகம் யாரிடமிருந்து வந்தது என்று குறித்துவைக்கும் மாணவருக்கு அந்தக் கலக்கம் வராது.

மத்திய அரசின் சங்கீத நாடக அகாடமியோடு இதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. அது 1953 ஜனவரி 28 அன்று டெல்லியில் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் தொடங்கிவைத்தது. முதல் தலைவர் சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி பி.வி. ராஜமன்னார். இசை, நடனம், நாடகம் மூன்றுக்குமான அரசு அமைப்பு. சென்னை அகாடமி உறுப்பினர்களின் சங்கம்; வயதில் கால் நூற்றாண்டு மூத்தது.

எப்படிப் பயன்படுத்திக்கொள்வது

சீசனுக்கு வெளியிலும் அகாடமியிடம் கேட்டு வாங்கிக்கொள்ள நிறைய இருக்கிறது. டேக் நிறுவனத்தின் ஆர்.டி. சாரி ஆதரவில் அமைந்த மின்னணு ஒலிக் காப்பகத்தில் பழைய கச்சேரிகள் ஆயிரக்கணக்கான மணி நேரம் சேர்ந்திருக்கின்றன. அங்கேயே தொடுதிரை முன் உட்கார்ந்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டிக் கேட்கலாம். நகல் எடுத்துக்கொண்டு போக முடியாது. அதனால் கையில் நோட்டுப் புத்தகம் அவசியம். இதழின் பழைய தொகுதிகள் அகாடமியின் இணையதளத்தில் இருக்கின்றன.

ஒரு ராகத்தைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள நினைப்பவர் இந்த வரிசையில் போகலாம். முதலில் இதழில் அந்த ராகத்தைப் பற்றிய நிபுணர் குழு விவாதத்தைத் தேடிப் படியுங்கள். முடிவை மட்டும் படிக்காமல், யார் எதை மறுத்தார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் மறுப்பில்தான் பாடாந்தரம் வெளியே வரும். பிறகு 'பிரதர்சினி'யில் அதே ராகத்தின் போக்கைக் காட்டும் சஞ்சாரியையும் ஒரு கிருதியையும் கமக அடையாளங்களோடு மெதுவாக வாய்விட்டுப் பாடிப் பாருங்கள். அடையாளங்கள் பழக ஒரு வாரமாவது ஆகும். அதன் பிறகு காப்பகத்தில் ஒரே கிருதியை மூன்று வெவ்வேறு பரம்பரையினர் பாடியதைக் கேளுங்கள். கிருதியின் இரண்டாம் பகுதியான அனுபல்லவியின் முதல் வரி பெரும்பாலும் போதும். வேறுபாடு அங்கேயே தலைகாட்டிவிடும். தீராத சந்தேகம் ஒன்று மிஞ்சினால் அதை ஒரு வரியில் எழுதி வைத்துக்கொண்டு, டிசம்பரில் அந்த ராகம் பேசப்படும் காலை எட்டு மணிக்கு முன் சிறிய அரங்கத்துக்குப் போய்விடுங்கள். பின் வரிசையில் உட்கார்ந்தாலும் கேட்கலாம்.